கடைசிப் பந்தி ஆய்வு

சிறு விவசாயிகளின் வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் குறைவாகவும் சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி போடிநாயக்கனூரில் ஓர் அலுவலகத்துக்குத் திடீரென்று தெரியவந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படிப்பட்ட பெண்கள் வடித்துப் போட்டதைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் தகவல் முறைப்படி மேலிடத்திலிருந்து வந்த பிறகுதான் அவர்களுக்கு வருத்தம் உண்டானது. வருத்தத்தைத் தொடர்ந்து ‘மகளிர் அன்னப் பாதுகாப்புத் திட்டம்’ உண்டானது.

திட்ட அலுவலர் செழியன் நேர்மையானவர், காதால் கேட்டதை நம்பமாட்டார். பெண்ணுக்குச் சோறு மிஞ்சுகிறதா என்பதைச் சாப்பாட்டு வேளையில், சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். குரங்கணிச் சரிவில் ஜக்கம்மாள் வீட்டு வாசலில் நடுப்பகலில் ஜீப்பு வந்து நின்றது இப்படித்தான்.

ஜக்கம்மாள் அப்போதுதான் களையெடுத்துவிட்டுத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். நல்ல பசி. ஆனால் சோற்று நேரத்தில் வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. ஆய்வுக்கு வந்தவர்களும் ஒருமுறை முறைப்படி மறுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். துணைக்குப் புருஷன் காசிமாயனும் மகனும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு செழியன் சட்டியை எட்டிப் பார்த்தார். காலி. பெண்ணுக்கு மிஞ்சவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியானதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய கொடுமையை மேலிடம் சும்மா ஏற்குமா? மேலாய்வுக்கு இன்னொரு ஜீப்பு வந்தது. மேலாய்வு ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க இரண்டு ஜீப்புகள் வந்தன. வீட்டில் ரேஷன் அரிசியைக் கடைசிப் படிவரை வழித்து உலையில் போட்டாகிவிட்டது, வேலியோரக் கீரை மொட்டையாகிவிட்டது. மிச்சம் இருந்தது சாம்பல் புரட்டிப் பானையில் வைத்திருந்த விதை மொச்சை மட்டும். மழைக்கு அதை ஊன்றினால்தான், தோட்டத்து ஏலக்காய் விலை படுத்துக்கொண்டாலும் வீட்டில் அடுப்பு எரியும்.

“வெதையாச்சே” என்றாள் ஜக்கம்மாள்.

“வந்தவுகளுக்கு வெறுஞ்சோத்தயா போடுறது? நம்ம கௌரவம் என்னாகுறது?” என்றார் காசிமாயன்.

கௌரவம் காப்பாற்றப்பட்டது. மொச்சைக் குழம்பை அதிகாரிகள் மறுசோறு கேட்டுப் பாராட்டினார்கள். இத்தனை பேருக்கு ஆக்கிப் போட்ட வீட்டில் பற்றாக்குறை இருக்க முகாந்திரமில்லை என்று கண்டு, அதை ‘முன்மாதிரி இல்லம்’ என்று அறிவித்தார்கள். பற்றாக்குறை உள்ள ஊர்க்காரர்கள் அங்கே கண்டுணர் பயணமாக வந்து கற்றுக்கொள்ளலாம், மதிய உணவு முன்மாதிரி இல்லத்திலேயே என்றும் ஏற்பாடானது.

வயிறு எரிந்தது ஜக்கம்மாளுக்கு. பஸ்சேறிப் போடிக்குப் போய், தின்ற விதைக்கு ஈடாக விதை தரச் சொல்லிச் செழியனிடம் கேட்டாள்.

“விதை விவசாயிக்குத்தாம்மா தருவோம்.”

“நாந்தானே சார் ஊன்றேன், களையெடுக்கேன்?”

“பட்டா யார் பேர்ல?”

“அவுக பேர்ல.”

“அப்ப விவசாயி அவர். நீங்க விவசாயியோட மனைவி.”

“சரி, அவுகளையே வரச் சொல்றேன்.”

செழியன் அதிர்ந்துபோனார். “இது பெண்களுக்கான திட்டம்மா. ஆம்பளைக்கு எப்படித் தர முடியும்?”

அந்தப் பதிலில் எந்தப் பக்கம் தட்டினாலும் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. வழி நெடுக அந்த அலுவலகத்தையே திட்டித் தீர்த்தபடி வீடு வந்தாள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியிடம் கைமாற்றாக அரிசி வாங்கி உலை வைத்து, சோறு வெந்ததும் காசிமாயனுக்கும் மகனுக்கும் தட்டு வைத்தாள். காலேஜிலிருந்து பசியோடு வந்த மகள் அனுப்பிரியாவும் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ எந்திரி ஆத்தா. அப்பாவும் அண்ணனும் சாப்பிடட்டும். மிஞ்சுறத நாம பாத்துக்கிடலாம்” என்றாள் ஜக்கம்மாள்.

அனுப்பிரியா எழுந்திருக்கவில்லை. தாயையே பார்த்தாள்.

“ஏம்மா, நீயும் அந்த ஆபீசுல சோலிக்குச் சேந்துட்டியா?”

ஜக்கம்மாளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் காசிமாயன் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். கை அதுபாட்டுக்கு அள்ளி வைத்துவிட்டது.