ஓட்டக்காரன் இறங்காத குதிரை

இந்த ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் முகத்தில் விழிப்பதில்லை என்று பலராமன் முடிவெடுத்தான்.

லோகேஷ் வாரத்தில் ஆறு நாள் ஒரகடம் தொழிற்சாலையில் அவனுக்கு சூப்பர்வைசர். ஏழாவது நாள் மச்சான், மனைவி சசிரேகாவின் அண்ணன். ஞாயிறு பென்னலூரில் லோகேஷ் மகனுக்குக் காது குத்து. போனால் அங்கேயும், "பலராமா, அந்த சேரைத் தள்ளிப் போடு" என்பான். வாரத்துக்கு இருப்பது ஒரே ஒரு லீவு.

வழி சொன்னவன் பக்கத்து மெஷினில் நிற்கும் தென்காசிக்காரன் பேச்சிராஜ்.

"அண்ணே, ஒரு பழைய கௌபாய் படம் அனுப்புதேன். ஒலக சாம்பியன் ஓட்டக்காரன்தான் ஹீரோ. மகா அறுவை. அக்காவ உக்காத்தி வச்சுப் போடுங்க. முடியுததுக்குள்ள யாரு எந்திரிக்காவளோ அவுக தோத்தாவ."

"ஹீரோ நல்லா ஓடுவானா?"

"ஓட்டக்காரம்லா? ஓடாம இருப்பானா?"

பலராமன் பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவன். டிவியில் எவன் ஓடினாலும் பாதி ஓட்டம் இவனுடையதுதான்.

சனிக்கிழமை மாலை சசிரேகாவிடம் பந்தயம் கட்டினான்.

"நீ எழுந்தா நான் பென்னலூர் வரமாட்டேன்."

"நீ எழுந்தா?"

"நான் இன்னாத்துக்கு எழப்போறேன்?"

"எழுந்தா இன்னாயா பண்ணுவ?"

"வரேன். பந்தியே பரிமாறுறேன், போதுமா?"

சசிரேகா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் குதிரை ஒரு பாறையைத் தாண்டியது. ஹீரோ தொப்பியைச் சரிசெய்தான். குதிரை மறுபடி அதே பாறையைத் தாண்டியது. சுட்டார்கள். யார் மேலும் படவில்லை. ஒரு மணி நேரமாயிற்று. ஓட்டக்காரன் குதிரையை விட்டு இறங்கவேயில்லை.

பலராமனுக்கு இடுப்பு கழன்றது. சசிரேகா இமைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எட்டு மணி நேரம், ஓடுகிற பெல்ட்டில் வரும் போர்டுகளையே பார்க்க வேண்டும். மாற்றிவிட ஆள் வராமல் எழக்கூடாது.

இது பலராமனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னாடி, போரடிக்கல?"

"அதே பாறை, ஒம்பதாவது தபா. மொதல்ல குதிரைக்கு முன்னங்கால்ல வெள்ளை இருந்துச்சு. இப்போ இல்ல. ரிஜெக்ட் பீஸு."

"அடுப்புல பால் வெச்சியே?"

"வெக்கவே இல்லியே."

"தண்ணி வேணுமா?"

"எடுத்துனு வாயேன்."

பலராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரைக்குத் திரும்பினான்.

கடைசிப் பத்து நிமிடம். கொள்ளைக்காரன் பையோடு ரயிலில் தொற்றிக்கொண்டான். ரயில் கிளம்பியது. ஹீரோ குதிரையை விட்டு இறங்கினான். குனிந்தான். ஒரு முழங்கால் மண்ணில். விரல்கள் மண்ணில். பலராமனின் கட்டைவிரல்கள் தரையைப் பிடித்தன.

"ஓட்றா! டேய், ஓட்றா!"

ஹீரோ பூட்ஸ் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடி குதிரையில் ஏறிக்கொண்டான்.

பலராமன் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை முன்னால், ஒரு கால் பின்னால்.

"வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டாச்சு," என்றாள் சசிரேகா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதான் ஜெயிச்சிட்டியே, எழுந்துக்கோயேன்."

"படம் முடியல. மாத்திவுட ஆள் வரல."

அலமாரியில் அவள் போன் அதிர்ந்தது. நிற்பவன் அவன்தானே. எடுத்தான். பேச்சிராஜ் அனுப்பியிருந்தான்:

"அக்கா, நீங்க சொன்ன எடத்துலயே அண்ணன் எந்திரிச்சாவளா?"