தண்ணீர் மெஷின் மீண்ட வரலாறு

கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்த அலுவலகம் உலகில் ஒன்றே ஒன்று உண்டு. அது மரக்காணத்தில் இருந்த எங்கள் உப்பளத் தொழிலாளர் நலச் சங்கம். அங்கே குமாஸ்தாவாக இருந்த பெருமை என்னுடையது.

2005-இல் எங்கள் செயலாளர் தட்சணாமூர்த்தி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்களைக் குடிவைத்தார். 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். தொட முடியாது; திரையில் மட்டும் தெரியும். ஒன்று வருகையைப் பார்த்தது. ஒன்று மூட்டைகளைப் பார்த்தது. மூன்றாவது, பாத்தியில் உப்பு வாருகிறவர்களுக்குக் குடிதண்ணீர் லாரியை அனுப்பத் தினமும் உத்தரவு அச்சடித்தது. அதற்குமுன் டிரைவர் கலியன் வெறும் தாகத்தை நம்பியே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

கத்திரி வெயிலில் ஒருநாள், 'அப்டேட் செய்யலாமா?' என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. கேட்டது மனிதர் அல்ல என்பதால் செயலாளர் உடனே அனுமதி அளித்தார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. உள்ளே இருந்த மூன்றும் எழவில்லை.

மறுநாள் உப்பளத்திலிருந்து கொளஞ்சியம்மாள் வந்து செயலாளர் முன் நின்றாள்.

"நேத்துலேர்ந்து தண்ணி லாரி வர்ல சார்."

"லாரி இருக்குது. டேங்க்ல தண்ணி இருக்குது. கலியனும் இருக்கறான். உத்தரவு குடுக்கற மெஷின்தாம்மா இல்ல."

"தோ, வாசல்லயே நிக்குதே லாரி!"

"கண்ணுக்குத் தெரியறத வெச்சி நிர்வாகம் பண்ண முடியுமா?"

கலியன் தலையைச் சொறிந்தார். "ஒரு நடை போய்ட்டு வந்துடறேனே சார்?"

"ஏம்பா, உத்தரவு இல்லாத தண்ணிய குடிச்சி யாருக்காவது ஒண்ணு ஆயிட்டா?"

அவசரக் கூட்டம் கூடியது. மெஷின்களுக்கு 'ஆழ்ந்த கவலை' தெரிவிக்கப்பட்டது. வெக்கை தாங்காதென்று கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் ஃபேன் திருப்பப்பட்டது. உறுப்பினர்களுக்கு ஐஸ் தண்ணீர் வந்தது.

அன்று மத்தியானம், உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் பாத்தி வரப்பில் சுருண்டு விழுந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். செய்தி கேட்ட செயலாளர் கலங்கிப்போனார்.

"அவங்களுக்கு டாக்டர் இருக்காரு. இந்த மெஷினுங்களுக்கு யார் இருக்கா?"

புதுச்சேரியிலிருந்து பிரபாகரன் என்ற இன்ஜினியர் வரவழைக்கப்பட்டார்.

"பேக்கப் இருக்குதா சார்?"

"பத்திரமா இருக்குது."

"எங்க?"

"அந்த தண்ணி மெஷினுக்குள்ளதான்."

இன்ஜினியர் சற்று நேரம் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைத் துழாவினார். "மெஷினுங்களுக்கு ஒண்ணும் ஆகல சார். ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குது. இதுங்கள ஓட்டற சாஃப்ட்வேரைத்தான் அப்டேட்டு ஒடச்சிடுச்சி."

அப்டேட்டைக் கழற்றினார். சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினார். ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பொழுது சாய்வதற்குள் மூன்றும் கண் விழித்தன. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தோம். தண்ணீர் மெஷின் உத்தரவைத் துப்பியது, லாரி புறப்பட்டது.

அந்த வாரமே பாராட்டுக் கூட்டம். "இத்தனை பெரிய பேரிடரில், ஒரு மெஷினைக்கூட நாம் இழக்கவில்லை!" என்றார் செயலாளர். கைதட்டல் நிற்கவே இல்லை. நான்தான் முதலில் தட்டினேன்.

கடைசி வரிசையில் கொளஞ்சியம்மாள் எழுந்தாள். அவள் பக்கத்தில், குளுக்கோஸ் ஏற்றிய கையில் பிளாஸ்திரியோடு அஞ்சம்மாள்.

"பொட்டிக்குள்ள இருந்தத எல்லாம் காப்பாத்திட்டீங்க சார். எங்களயும் அந்தப் பொட்டிக்குள்ளயே போட்டுடுங்களேன்."

செயலாளர் உண்மையாகவே யோசித்தார். பிறகு பரிவோடு சொன்னார்:

"அதுக்கு மெமரி பத்தாதும்மா."