முதல் வரி ஆசாமி

முதல் வரி ஆசாமி என்றொரு இனம் உண்டு. கையில் கைபேசி, முழங்காலில் மண், தலைமுடியில் ஒரு காய்ந்த இலை. இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் எதிரே நடந்து வந்தால் அவர்தான், வேறு விசாரணை வேண்டாம். ஜெர்மனியில் ஆலர் ஆற்றங்கரையோரம் இந்த இனம் நன்றாகச் செழிக்கிறது.

அவர் செய்வது என்ன? யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பாலத்தடியிலோ மரப்பொந்திலோ ஒளித்துவைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவான். இவர் போய்த் தேடி எடுக்க வேண்டும். ஜியோகேச்சிங் என்று பெயர். டப்பாவுக்குள் என்ன, தங்கமா? கால் போன ஒரு பிளாஸ்டிக் தவளை, பாதி ரப்பர், எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. ஒன்றை எடுத்தால் அதற்குக் குறையாத இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது மரியாதை; ஆகவே ஒரு தவளை போய் இன்னொரு தவளை வரும். கூடவே ஒரு காகிதச் சுருள் இருக்கும். அதில் பேனாவால் பெயர் எழுதினால்தான் கண்டுபிடித்ததாக அர்த்தம். எழுதாமல் டப்பாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாலும் செல்லாது.

பெயர் எழுதிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சாதுக்கள். நம் ஆசாமிக்கு அது போதாது. சுருள் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும், அதன் முதல் வரியில் தன் பெயர் ஏற வேண்டும். இரண்டாவது வரி என்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எக்கார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சியில் தெருவிளக்குப் பிரிவு, வயது ஐம்பத்தெட்டு. இரவு படுக்கும்போது காலுறையோடு படுப்பார். புது டப்பா அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? காலுறை மாட்டுகிற நேரத்தில் இன்னொருவர் எழுதிவிட்டுப் போய்விடுவாரே. தேடிக் கிடைக்காவிட்டால் "கிடைக்கவில்லை" என்று இணையத்தில் நேர்மையாகப் பதிய வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் தர்மம். எக்கார்ட் பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பதிந்ததில்லை. "இன்னும் தேடி முடிக்கலை" என்பார். ஒரு டப்பாவை ஒன்பது வருஷமாகத் தேடி முடிக்காமல் வைத்திருக்கிறார்.

ஆனால் மனிதர் இடிந்துபோயிருந்தார். காரணம் கெர்லிண்டே. தபால் கொடுத்து ஓய்வுபெற்ற அம்மாள், எழுபது வயது, பேட்டரி சைக்கிள். கடந்த இருபத்துமூன்று மாதமாக அந்த வட்டாரத்தில் எந்தப் புது டப்பாவைத் திறந்தாலும் முதல் வரியில் அவள் பெயர்தான், அதுவும் தபால் முத்திரை மாதிரி நேராக. இந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் நீ, நான் என்றுதான் பேசிக்கொள்வார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் "நீங்க". அவ்வளவு வெறுப்பு.

இந்த நிலைமையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எக்கார்ட்டின் மகள் ஸ்வென்யாவுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் பத்தரை மணிக்கு. சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போட வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். எக்கார்ட் நெகிழ்ந்துவிட்டார். மனைவி ரோஸ்விதா நெகிழவில்லை. புருஷனை அறிந்தவள். கிளம்பும்போது அவருடைய கோட்டுப் பையைத் தடவி, டார்ச், சிறு இடுக்கி, நுனியில் காந்தம் வைத்த குச்சி, பேனா ஆறு என்று எல்லாவற்றையும் எடுத்துச் சமையலறை மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"போன்?"

"அணைச்சாச்சு."

அணைக்கவில்லை. அதிர்வில் போட்டிருந்தார்.

பதிவாளர் அம்மாள் "இல்லறம் என்பது..." என்று ஆரம்பித்தபோது எக்கார்ட்டின் நெஞ்சில் ஏதோ துடித்தது. பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாள் பாசம் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள். எக்கார்ட் மெல்லக் குனிந்து பார்த்தார். புது டப்பா. முந்நூற்று ஐம்பது மீட்டர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிற ஆற்றங்கரை பெஞ்சு.

கெர்லிண்டேயின் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இருபத்துமூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் நிற்கிறார். ஓடினால் நாலு நிமிஷம், எழுத ஒரு நிமிஷம், திரும்ப நாலு. உரை எப்படியும் பத்து நிமிஷம் போகும். இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. பேனா இல்லை, அவ்வளவுதான். பேனா இல்லாமல் போவது தேடாமல் இருப்பதைவிடக் கேவலம். பதிவாளரின் மேஜைமேல், பச்சைத் துணியில், ஒரு பேனா இருந்தது. எக்கார்ட் வாயைப் பொத்தி இருமினார், இருமிக்கொண்டே மேஜைப் பக்கம் வந்தார், இருமிக்கொண்டே வெளியேறினார்.

அது சாதாரணப் பேனா அல்ல. கல்யாணப் பதிவேட்டில் எழுத அரசாங்கம் ஒப்புக்கொண்ட, நூறு வருஷம் ஆனாலும் அழியாத மை அடைத்த பேனா. அந்த அலுவலகத்தில் இன்னொன்று உண்டு. அது இரும்புப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி வைத்திருப்பவர் திங்கட்கிழமைவரை விடுமுறை. கல்யாண வீட்டார் பதினாலு பேனாவை நீட்டினார்கள். "இந்த மையெல்லாம் செல்லாது," என்றாள் பதிவாளர். "பதினோரு மணிக்கு அடுத்த ஜோடி. அதுக்குள்ள முடியலைன்னா இன்னொரு நாள் வாங்க. செப்டம்பர்ல ஒரு இடம் இருக்கு."

மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டான். மே மாதம்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆற்றங்கரையில் எக்கார்ட்டுக்கு வேறு கஷ்டம். டப்பா பெஞ்சுக்கு அடியில். பெஞ்சுக்கு மேல் ஒருவர் மீன் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், வெங்காயத்தைத் தனித்தனியாக. ஆட்டம் தெரியாதவர் கண்முன் டப்பாவை எடுக்கக் கூடாது, விதி. எக்கார்ட் ஷூ லேஸ் கட்டினார். அவிழ்த்தார். கட்டினார். வாத்துகளைப் பார்த்து ரசித்தார். வாத்துகள் போன பிறகும் ரசித்தார். அப்போது சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. கெர்லிண்டே.

"நல்ல வெயில்," என்றாள்.

"ஆமா, நல்ல வெயில்."

"யாருக்கோ கல்யாணம் போல. கோட்டு சூட்டெல்லாம் பலமா இருக்கு."

"மகளுக்கு."

"எப்போ?"

"இப்போ."

கெர்லிண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்டிக்கிற பார்வை அல்ல. இவ்வளவு தூரம் போவார் என்று தெரியாமல் போயிற்றே என்ற மரியாதை. பிறகு பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். எக்கார்ட் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் இருந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எனக்கே ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

கைபேசி துடித்தது. ரோஸ்விதா.

"பேனா உங்கிட்டயா இருக்கு?"

"எந்தப் பேனா?"

"ஜன்னலைத் திரும்பிப் பாரு."

திரும்பினார். மாடி ஜன்னல் நிறையத் தலைகள். சம்பந்தி வீட்டார், பதிவாளர், பதினோரு மணி ஜோடி. மணப்பெண் மட்டும் இல்லை.

மணப்பெண் வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்தரையில் வந்துகொண்டிருந்தாள். எக்கார்ட் எழுந்தார், "ஸ்வென்யா, இந்த ஒரே ஒரு..." என்று தொடங்கினார். அவள் கேட்கவில்லை. பெஞ்சு முன்னால் மண்டியிட்டு, ரொட்டிக்காரரின் கால்களுக்கு நடுவே கையை விட்டு, எட்டு நொடியில் டப்பாவை எடுத்தாள். கெர்லிண்டேயின் வாயிலிருந்து அவளை அறியாமல் "அடேயப்பா" என்று வந்தது.

"பேனா," என்றாள் ஸ்வென்யா.

கொடுத்தார். அவள் சுருளை முழங்காலில் விரித்தாள். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"என்னம்மா பண்றே?"

"ஏழு வயசுலேர்ந்து உன்கூட வந்தேன்ல? கை சின்னதுன்னு முள்ளுக்குள்ள, பொந்துக்குள்ள, குளவிக் கூட்டுக்குப் பக்கத்துல, எல்லாத்துலயும் என் கையைத்தான் விடச் சொல்லுவே. எடுத்துக் குடுத்தது நான். எழுதினது நீ. ஒரு தடவையாவது என் பேரை எழுதினியாப்பா?"

எக்கார்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. அவள் முதல் வரியில் ஸ்வென்யா என்று எழுதினாள். பெரிய எழுத்து. நூறு வருஷத்துக்கு அழியாது. டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே எடுத்தபடியே வைத்தாள், அந்த மரியாதை அவளுக்கும் தெரியும். பேனாவோடு நடந்தாள். எக்கார்ட் பின்னால் போனார். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கெர்லிண்டே குனிந்து இரண்டாவது வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்குக் கல்யாணம் முடிந்தது. மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாளர் ஏட்டைச் சாட்சியின் பக்கம் திருப்பி, மூன்றாவது வரியைச் சுட்டிக் காட்டினாள். எக்கார்ட் பேனாவை வாங்கினார். கண் கலங்கியிருந்தது. மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "மேலே கொஞ்சம் இடம் இருக்கே, அங்க போடலாமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு டப்பா தேடும் பைத்தியம் இல்லை, ஆலர் ஆற்றுப் பக்கமே வந்ததில்லை, எல்லாம் சரி. ஆனால் போன மாதம் உங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று செய்தி வந்த இருபதாவது நொடியில், மற்ற யாரும் முந்துவதற்குள், "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டது யார்? பெரியப்பா நன்றாக இருக்கிறார். உங்களைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.