பாம்புக்கு ஏற்ற மார்க்கர்

டுவேன் கோவால்கே தன்னுடைய நாற்பத்து நான்காவது வயதில் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஒரு நல்ல மார்க்கரைத் தானே ஆராய்ந்து, தானே தேர்ந்தெடுத்து, கட்டுப்படியாகிற விலையில் வாங்குவது. இந்த முடிவை அவர் கராஜுக்குள் நின்றுகொண்டு, சுவரில் தொங்கிய பனி வாருகிற மண்வெட்டியிடம் உரக்கச் சொன்னார். மனைவி மார்லிஸிடம் சொல்லும் துணிச்சல் இன்னும் வந்திருக்கவில்லை.

மார்க்கர் என்பது பெயின்ட்பால் ஆட்டத்தில் காற்றழுத்தத்தால் சாய உருண்டைகளைச் சுடுகிற கருவி. உருண்டை மேலே பட்டு உடைந்தால் ஆள் அவுட். அதைத் துப்பாக்கி என்று யாராவது சொன்னால் டுவேனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மார்லிஸ் பதினொரு வருஷமாகத் துப்பாக்கி என்றுதான் சொல்லி வருகிறாள்.

வினை அன்று காலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின்போது, மைதானத்தில் ஆரம்பித்தது. டுவேன் ஆடும் ஐந்து பேர் அணிக்குப் பெயர் ‘கருகின ரொட்டி’. அதில் ட்ராய் என்பவன் வேலை கிடைத்து மினசோட்டாவுக்குப் போய்விட்டான். அவன் ஆடிய இடம் ‘பாம்பு’. மைதானத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் காற்றடைத்த நீளமான குழாய் ஒன்று வளைந்து வளைந்து கிடக்கும்; அதன் பின்னால் வயிற்றால் ஊர்ந்து போய் எதிரியைப் பக்கவாட்டில் சுட வேண்டும். கேப்டன் ரஸ்டி, வார நாட்களில் தூண்டில் கடை வைத்திருப்பவர், டுவேனைத் தனியாக அழைத்தார்.

“பாரு டுவேன், பின்னாடி நின்னு சுடறதுக்கு எனக்கு ஆள் இருக்கு. நீ ஆடணும்னா பாம்புலதான் ஆடணும்.”

“ஆடறேன்.”

“அந்தப் பழைய இரும்புக் குழாயத் தூக்கிக்கிட்டா?”

“பதினொரு வருஷமா உழைக்குது அது!”

“உழைக்குது. நீ ஒரு உருண்ட சுட்டா க்ரீன் பே வரைக்கும் கேக்குது. எலக்ட்ரானிக்ல, லேசா ஒண்ணு வாங்கிட்டு வா. ரெண்டு வாரம் கழிச்சு ஆடிக் காட்டு. சரிப்படலன்னா மாடிசன் டோர்னமென்ட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்.”

ஆறு நாளும் ஆப்பிள்டன் ஊர்க்காரர்களின் நிலவறைகளில் தவழ்ந்து, வீட்டைச் சூடேற்றும் அடுப்புகளைப் பழுது பார்க்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் முதுகில் எண் போட்ட சட்டை. அதுவும் போனால் தான் யார் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

சமையலறையில் மார்லிஸ் பியரில் வெந்த சாசேஜைக் கல்லில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு விஷயம் பேசணும்” என்றார் டுவேன்.

“துப்பாக்கியா?”

“மார்க்கர்.”

“வாங்கிக்கோ.”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே!”

“ரஸ்டி பொண்டாட்டி சொல்லிட்டா. நான் குறுக்க நிக்கல. ஆனா நம்ம வீட்டுச் சட்டம் தெரியும்ல? கராஜுக்குள்ள ஒண்ணு வந்தா ஒண்ணு வெளிய போகணும்.”

“பழைய மார்க்கரத் தள்ளி விட்டுடறேன்.”

“அத எவன் வாங்குவான்? படகு போகட்டும்.”

படகு வாங்கி ஆறு வருஷம். இதுவரை இரண்டு தடவை தண்ணீரைப் பார்த்திருக்கிறது, அதில் ஒரு தடவை கவிழ்ந்தபடி. அது கராஜை அடைத்துக்கொண்டதால் மார்லிஸின் கார் ஆறு குளிர்காலமாக வெளியே பனியில் கிடக்கிறது. டுவேன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

“டுவேன், நானும் ஒரு தடவ ஆடிப் பாக்கட்டுமா?” என்றாள் மார்லிஸ், சாசேஜிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டுவேன் விழுந்து விழுந்து சிரித்தார். “நீ ஆடப் போயிட்டா டப்பாவ யாரு நெரப்புறது?”

ஆட்டக்காரர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் நீள டப்பா ஒவ்வொன்றிலும் நூற்று நாற்பது உருண்டை அடைக்க வேண்டும். மைதானத்தின் வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, புனல் வைத்து, மழையானாலும் குளிரானாலும் அதை அடைத்துக் கொடுப்பது மார்லிஸ். பதினொரு வருஷமாக. அவள் அடுத்த சாசேஜைப் புரட்டினாள். அவள் மனநிறைவோடு இருக்கிறாள் என்று டுவேன் எடுத்துக்கொண்டார்.

யார் பேச்சையும் கேட்பதில்லை என்ற முடிவு நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தது. கராஜில் உட்கார்ந்து போனில் தேடினால் ஆயிரத்து எழுநூறு டாலர் மார்க்கர் பல்லைக் காட்டுகிறது. இருநூறு டாலர் மார்க்கர் கையெடுத்துக் கும்பிடுகிறது. எது எதற்கு என்று விளங்கவில்லை. பெயின்ட்பால்காரர்கள் கூடும் இணையதளம் ஒன்றில், பெயரைச் சொல்லாமல், ‘டோர்னமென்ட்டுக்கு எதை வாங்கலாம்?’ என்று கேட்டார். ‘வெள்ளரி ஊறுகாய்’ என்ற புனைபெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார்.

“ஐயா, எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணுவீங்க?”

“ஆயிரம்கூடப் போகலாம்” என்று டுவேன் அளந்து விட்டார்.

“வேண்டாங்க. செகண்டுக்கு எத்தனை உருண்டைன்னு டோர்னமென்ட்ல கட்டுப்பாடு இருக்கு. வேகத்தயும் மைதானத்துக்குள்ள விடறதுக்கு முன்னாடி மெஷின் வெச்சு அளந்துருவாங்க. ஆயிரத்து எழுநூறு டாலர் மார்க்கரும் அந்த வேகந்தான், நானூறு டாலர் மார்க்கரும் அந்த வேகந்தான். மிச்சக் காசு உருண்டை வாங்க ஆகும்.”

டுவேன் அசந்து போனார். பதினொரு வருஷம் ஆடியும் இது அவர் மண்டையில் ஏறியதில்லை.

“அப்ப எதப் பாத்து வாங்கறது?”

“எடையப் பாருங்க. கழட்டித் துடைச்சு மாட்டறது சுலபமா இருக்கணும். உதிரி சாமான் உள்ளூர்லயே கெடைக்கணும். எந்த எடத்துல ஆடறீங்க?”

“பாம்பு.”

“அப்ப கைப்பிடி சின்னதா இருக்கணும். வலது கை, இடது கைன்னு மாத்தி மாத்திச் சுடணும்ல?”

“என் கை கொஞ்சம் பெருசுங்க.”

“பழகிடுங்க.”

மொன்டானா பக்கம் நரைத்த மீசையோடு ஓய்வாக இருக்கும் பட்டாளத்துக்காரர் என்று டுவேன் அவரைத் தீர்மானித்துவிட்டார். அடுத்த பத்து நாளும் இதே பேச்சு. இவர் கராஜில் தட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் மார்லிஸும் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருகிட்ட இவ்வளவு நேரம்?” என்று ஒரு நாள் கேட்டார்.

“மளிகை ஆர்டர் போடறேன். முட்ட வெலையப் பாத்தியா நீ?”

அவர் பார்த்ததில்லை. அத்தோடு அந்த விசாரணை முடிந்தது. வியாழக்கிழமை தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போனவள் முழங்காலில் சேறும் முழங்கையில் சிராய்ப்புமாகத் திரும்பினாள். கேட்டதற்கு, “பாட்டு முடிஞ்சு துலிப் கெழங்கு நட்டோம்” என்றாள். டுவேன் பசிக்கிறது என்றார்.

கடைசியில் வெள்ளரி ஊறுகாயே சரக்கையும் காட்டினார். ஆஷ்காஷில் ஒருவர் ஒரே ஒரு வருஷம் ஆடிவிட்டு விற்கிறார். முந்நூற்று எண்பது டாலர். “நெறம் மட்டும் மயில் கழுத்து நெறம். அதான் வெல கொறச்சல். வாங்கறதுக்கு முன்னாடி காத்து கசியுதான்னு பாத்துருங்க.” வீட்டுத் திரைச்சீலை, மார்லிஸின் காபிக் கோப்பை, அவளுடைய போன் உறை எல்லாம் அதே நிறம். அது டுவேனுக்கு உறைக்கவில்லை. படகை நானூறுக்குத் தள்ளிவிட்டு ஆஷ்காஷுக்குப் போனார். வண்டி நிறுத்துமிடத்தில் மார்க்கரின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, ஒரு குமிழிகூட வராததைப் பார்த்து, அடுப்பு மெக்கானிக்கின் பெருமையோடு பணத்தை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புது மார்க்கரைக் கட்டிப் பிடித்தபடி டுவேன் பாம்பின் பின்னால் குப்புற விழுந்தார். தலை மறைந்தது. தோள் மறைந்தது. இடுப்புக்குக் கீழே இருந்த பெரும்பகுதி மறையவில்லை. இரண்டாவது செகண்டில் அங்கேயே மஞ்சள் சாயம் உடைந்தது. மார்க்கரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வெளியே நடந்து வந்தார். இரண்டாவது தடவையும் அதே இடம். இந்தத் தடவை நீலச் சாயம். மூன்றாவது தடவை எதிரி கண்ணுக்கு நேரே வந்து நின்றான், ஆனால் டுவேனின் கையுறை விரல் அந்தச் சின்ன விசை வளையத்துக்குள் நுழையவே இல்லை.

ரஸ்டி ஒரு பாலாடைக்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். “வேற யாராவது ஆடிப் பாக்கறீங்களா?”

மடக்கு நாற்காலி கிரீச்சிட்டது. மார்லிஸ் எழுந்தாள். கோட்டைக் கழற்றினாள். முழங்காலில் காப்பு ஏற்கெனவே மாட்டியிருந்தது.

“அதக் கொஞ்சம் குடு டுவேன்.”

மார்க்கர் அவள் கையில் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. பாம்பின் பின்னால் சர்ரென்று வழுக்கிப் போனவள், மூன்றாவது வளைவில் இடது கைக்கு மாற்றி ஒருவனைச் சுட்டாள். கடைசி வளைவில் இன்னும் இரண்டு பேர். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

டுவேன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “டோர்னமென்ட்ல ஆடறதுக்கு அட்டை வேணும்! பதிவு பண்ணாம விட மாட்டாங்க!”

மார்லிஸ் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது, ஆகஸ்ட்.

“அப்போ... வியாழக்கெழம பாட்டுக்குழு?”

“நல்லாப் பாடுவா” என்றார் ரஸ்டி. “மார்லிஸ், மாடிசனுக்கு நீதான். வா, இன்னொரு ஆட்டம் போடலாம்.”

டுவேன் காலியான மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். படகு போய்விட்டது, இடமும் போய்விட்டது, மயில் கழுத்து மார்க்கர் மைதானத்தில் அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தது. உலகத்திலேயே தன் கஷ்டம் புரிகிற ஒரே ஆளுக்கு அவர் போனில் எழுதினார்: ‘ஐயா, நீங்க சொன்னதத்தான் வாங்கினேன். இப்ப என் பொண்டாட்டி அத வெச்சு என் எடத்துல ஆடறா. நான் என்ன பண்றது?’

அனுப்பினார். நாற்காலியின் கோப்பை வைக்கும் வளையத்தில் கிடந்த மார்லிஸின் போன் ‘டிங்’ என்றது.

டுவேன் அதைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார். அதற்குள் ஆட்டம் முடிந்து மார்லிஸ் முகக்கவசத்தைத் தூக்கியபடி வந்தாள். போனை எடுத்துப் படித்தாள். கையுறையைக் கழற்றி, நிதானமாக ஒரு பதில் தட்டி, போனை வளையத்தில் வைத்துவிட்டு மைதானத்துக்குத் திரும்பிப் போனாள்.

டுவேனின் போன் ‘டிங்’ என்றது. வெள்ளரி ஊறுகாயிடமிருந்து வந்திருந்தது.

‘மொதல்ல டப்பாவ நெரப்பு, டுவேன்.’