தரையில் நிற்காத டவுன் பஸ்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே அதிகம் தோற்றவர் யார் என்று கேட்டால், டெபாசிட் இழந்த வேட்பாளர்களையெல்லாம் தள்ளிவிட்டு நான் 'குட்டி பஸ்' என்று நாங்கள் கூப்பிடுகிறவரைத்தான் சொல்வேன். கோர்ட்டுக்கு எதிரே, என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில் மனு டைப் அடிப்பவர். ஓய்வு நேரத்தில் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்து வந்தார். ஓய்வு நேரத்தில்தான் டைப்பே அடிக்கிறார் என்பது அவருடைய முதலாளியின் வாதம்.

அளவெடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர், நின்றிருந்த பஸ்ஸுக்கு அடியில் டேப்போடு படுத்துவிட்டார். கண்டக்டர் அலறினார்.

"யோவ், சாவறதுக்கு வேற பஸ்ஸே கெடைக்கலையா?"

"ஒரு நிமிசம் இருங்க, அளவு பார்த்துக்கினு வந்துடறேன்!"

பிளாஸ்டிக் அட்டையை வெட்டினால் கோணல். பெயிண்ட் அடித்தால் கொப்புளம். ஒருநாள் புளியங்கொட்டை அளவு சைடு கண்ணாடி கைதவறி விழுந்தது. ஜாமீன் கையெழுத்துக்கு வந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் மண்டிபோட்டுத் தேடினோம். அது ஒரு வக்கீலின் ஷூவில் ஒட்டிக்கொண்டு கோர்ட்டுக்கே போய்விட்டது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. இன்னொரு நாள் கட்டைவிரல் பஸ் கூரைப் பசையில் ஒட்டிக்கொள்ள, முழ நீளக் கூரையும் கையுமாக ரேஷன் கடைக்கு ரேகை வைக்கப் போனார். மெஷின் அவரை யாரென்றே ஒப்புக்கொள்ளவில்லை.

பதினோரு மாதத்தில் பஸ் முடிந்தது. தரையில் வைத்தால் மூன்று சக்கரம் படிந்தது, ஒன்று அந்தரத்தில். அதை இறக்கினால் எதிர்ப்பக்கம் தூக்கியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பெயிண்ட் காயட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பினால், கூரை பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

"வுடுண்ணே, வேற கூரை செஞ்சிக்கலாம்" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வேலை?" என்றவர் மேஜையில் கவிழ்ந்து அழுதார். ஐம்பது வயது ஆள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மனுவோடு வந்தார், கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸை ஓட்டி, போன மாதம்தான் ரிட்டயரான டிரைவர். குனிந்து குட்டி பஸ்ஸுக்கு உள்ளே பார்த்தார். டிரைவர் சீட்டில் நகத்தளவு சிவப்புத் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

"தோ பார்றா, என் துண்டு! முதுவு வலிக்குதுன்னு நாலா மடிச்சி வெச்சிக்குவேன். என் பொண்டாட்டிக்கே தெரியாதுங்க. நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"தெனம் உங்க பின்னாடி சீட்லதானேங்க வருவேன்" என்றார் குட்டி பஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

டிரைவர் வெகுநேரம் பஸ்ஸை விட்டு நகரவில்லை. கொண்டுவந்த மனுவை மறந்துவிட்டுப் போனார்.

இப்போது நடப்பது நாலாவது கூரை. அதுவும் உருப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் லீவு போடுகிற நாட்களில், என் கடை ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்க எனக்கு மனசு வருவதில்லை.