கற்பூரத் தட்டும் கதவு தெரியாத சுவரும்

பேசத் தெரியாத மனிதன் கையில் கைப்பேசியைக் கொடுக்கக் கூடாது. பேச ஆள் இல்லாததால் அவன் அதில் படம் பார்க்க ஆரம்பிப்பான். சிலர் சமையல் பார்ப்பார்கள், சிலர் பந்தாட்டம் பார்ப்பார்கள். நான் வீடுகளைப் பார்த்தேன். மற்றவர்களுடைய வீடுகளை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

மலேசியாவின் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் சாமான் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் மட்டும் நிற்காமல் வளர்ந்து பட்டம் வாங்கும் அளவுக்குப் போய்விட்டது. கடையில் பால் இல்லாத தே ஓ கேட்டு மைலோ வந்தால் மைலோவைக் குடித்துவிட்டு வருவேன். (ஒருமுறை பக்கத்து மேசைக்காரரின் மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டிருக்கிறேன். என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், என்ன செய்வது?)

என் மகள் தர்ஷினி மலாக்காவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். அவள் விரும்பிய பையன் கவின், சிரம்பான்காரர். அவருடைய அம்மா பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவர். அப்பா இல்லை. அப்பாவின் ஸ்தானத்தில் பெரியப்பா. அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இருவரும் கவினோடு முறைப்படி பெண் கேட்டு வருகிறார்கள் என்று தர்ஷினி சொன்னதும் நான் சமையலறைக்கு ஓடினேன்.

"வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும்ங்க. ஊமை மாதிரி உக்காந்திருக்கக் கூடாது," என்றாள் என் மனைவி லெட்சுமி.

"எந்த நாலு?" என்று கேட்டேன்.

கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் எதற்குப் பேச வேண்டும்? வீடு பேசட்டுமே. வீட்டைப் பார்த்ததும், "இவர் படிச்சவர்தான், அடக்கமா இருக்கார்" என்று அவர்களே நினைத்துக்கொள்ளட்டும்.

அன்றைய நிலையில் என் வீடு பேசக்கூடிய வீடு இல்லை. கத்தும் வீடு. பச்சைச் சுவர், அதில் ஆரஞ்சு நிறக் கரை. கண்ணாடி அலமாரி நிறைய பொம்மைகள். நாலு வருடத்து நாட்காட்டிகள். கதவுக்குக் கதவு பிளாஸ்டிக் பூமாலை. கூடத்துச் சுவரில் சாமி மேடை, அதைச் சுற்றி மின்னி மின்னி அணையும் வண்ண விளக்குகள்.

நான் கைப்பேசியில் பார்த்த வீடு வேறு மாதிரி. தொளதொளச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர், "கண்ணுக்குத் தெரிவது குறையக் குறைய மனதுக்கு அமைதி" என்று மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டில் கதவே தெரியவில்லை. சுவர் முழுக்க ஒரே மாதிரி மரப்பட்டைகள். ஓரிடத்தில் விரலால் அழுத்தினார். 'டிக்' என்று சுவர் திறந்தது, உள்ளே ஓர் அறை! அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். இப்போது எல்லா நல்ல வீட்டிலும் இதுதான் என்றார். நானும் நம்பினேன்.

பக்கத்தில் லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து மணியம் என்ற தச்சரை வரவழைத்தேன். அவர் சுவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் மறைக்கணுமா அண்ணே?"

"ம்."

"ஸ்டோர் ரூம்?"

"ம்."

"டாய்லெட்?"

"ம்."

"சாமி மேடை?"

இங்கே கொஞ்சம் தயங்கினேன். படத்தில் சாமி மேடை வரவில்லை. ஆனால் முழுச்சுவரையும் மறைத்துவிட்டு அதை மட்டும் விட்டால் புதுச் சட்டையில் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். "ம்" என்றேன்.

"டாய்லெட்டுக்கு உள்பக்கமாச்சும் ஒரு தாழ்ப்பா வைக்கவா? உள்ள இருக்கிறவங்களுக்குக் கதவு எதுன்னு தெரியணும் லா."

"உள்ளயும் அதே பலகைதான். ஒண்ணும் தெரியக் கூடாது. நாங்க மூணு பேர்தானே இருக்கோம்." (என் வாழ்நாளில் நான் அதிகம் பேசிய நாட்களில் அது ஒன்று. அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

வேலை முடிந்தது. பால் அதிகமாகிப் போன தேநீர் நிறத்தில் ஐந்து பலகைகள், ஒன்று போல இன்னொன்று. ஜன்னல் பக்கமிருந்து இரண்டாவது, சாமி மேடை. வாசல் பக்கமிருந்து இரண்டாவது, டாய்லெட். பொம்மை, நாட்காட்டி, பூமாலை எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமுக்குள் திணித்து அழுத்தி மூடினேன்.

முதல் வாரத்திலேயே ஒரு காலை, இடுப்பில் துண்டோடு அவசரமாகப் பலகையை அழுத்தினேன். உள்ளே முருகன் வேலோடு நின்றார். மன்னிப்புக் கேட்டு மூடினேன்.

லெட்சுமி அன்றே சாமி மேடைப் பலகையில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். "இது சாமி. பொட்டு இல்லாதது மத்தது. உங்க மாடர்னுக்கு இதுதான் அட்ரஸ்."

தர்ஷினி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நல்லா இல்லைன்னு சொல்லலப்பா. நம்ம வீடு மாதிரி இல்ல. அவங்க நம்மளத்தானே பாக்க வர்றாங்க?"

"அவங்க டீச்சர்ம்மா," என்றேன், ஏதோ அது பதில் போல.

அந்த நாள் வந்தது. காலையில் கூடத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய, சுத்தமான சுவரில் அந்த ஒரு பொட்டு பாலில் விழுந்த ஈ மாதிரி உறுத்தியது. லெட்சுமி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணியை எடுத்தேன். துடைத்தேன். இரண்டடி பின்னால் போய் நின்று ரசிக்கவும் செய்தேன்.

கார் வந்ததும் நான் வெளியே ஓடித் தட்டுகளை வாங்கிக்கொண்டேன். (தட்டு தூக்குகிறவன் பேச வேண்டியதில்லை. இது என் அனுபவம்.) பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு என்று நான் மும்முரமாக இருந்த நேரத்தில், இனிப்பு நீர் வியாதி உள்ள பெரியப்பா தர்ஷினியின் காதில் ஏதோ கேட்டிருக்கிறார். அவளும் பலகையைத் திறந்துவிட்டு, அவர் உள்ளே போனதும் தன் அறைக்குப் போய்விட்டாள். இது எதுவும் எனக்குத் தெரியாது. பெரியவர் காருக்குப் பக்கத்தில் போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கவினின் அம்மா, டீச்சரம்மா, உட்கார்ந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வீடு காலியா இருக்கே. இப்பதான் குடி வந்தீங்களா?"

பத்தொன்பது வருடமாக அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் நான், "ம்" என்றேன்.

"முன்ன எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

டீச்சரம்மா மகனைப் பார்த்தார். கவின் தரையைப் பார்த்தார். நல்லவேளை, லெட்சுமி கற்பூரம் எரியும் தட்டோடு வந்தாள்.

"நல்ல நேரம் முடியப் போவுது. பெரியவரு வந்துடுவாரு. முதல்ல தட்டைச் சாமி முன்னால வச்சுக் கும்பிட்டுடுவோம்," என்று டீச்சரம்மா எழுந்தார். பிறகு சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினார். "சாமி மேடை எங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! லெட்சுமி கையிலிருந்த தட்டை வாங்கினேன். அன்று முதல் முறையாக முழு வாக்கியம் ஒன்று பேசினேன்.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. நான் சொன்னதும் தொறங்க."

எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். லெட்சுமியும் மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அது. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் தடுத்திருப்பாள்.

நான் சுவரைப் பார்த்தேன். பொட்டைத் தேடினேன். அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது. சரி, இரண்டாவது பலகை. எந்தப் பக்கமிருந்து இரண்டாவது? கையில் கற்பூரம் எரிகிறது, முன்னால் சம்பந்தி நிற்கிறார். எனக்கு இடது வலதே மறந்துவிட்டது. நான் நின்றது வாசல் பக்கம். அங்கிருந்தே எண்ணி, முழங்கையால் அழுத்தினேன்.

டிக்.

"இப்ப தொறங்க!" என்றேன்.

திறந்தார்கள்.

உள்ளே பெரியப்பா நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தலைக்குப் பின்னால் டாய்லெட் விளக்கு வட்டமாக ஒளி வீசியது. கதவைத் தேடிச் சுவர் சுவராக அழுத்திக்கொண்டிருந்தவர், வலது உள்ளங்கையை எங்களை நோக்கி உயர்த்தியபடி அப்படியே நின்றுவிட்டார். கற்பூர ஒளி அவர் முகத்தில் ஆடியது.

"முருகா!" என்றார் டீச்சரம்மா, பழக்க தோஷத்தில்.

அருள்பாலிக்கும் கோலத்திலேயே பெரியப்பா கேட்டார்: "வாசல் எங்கப்பா இருக்கு?"

பதற்றத்தில் நான் அடுத்த பலகையை அழுத்தினேன். அது ஸ்டோர் ரூம். நாலு வருடத்து நாட்காட்டி, பிளாஸ்டிக் மாலைகள், பொம்மைகள், அரிசி மூட்டை, என் பழைய சப்பாத்து எல்லாம் டீச்சரம்மாவின் காலில் விழுந்து நமஸ்காரம் செய்தன. ஒரு மாலை என் கழுத்திலேயே விழுந்தது. அந்தக் களேபரத்தில் தட்டு ஆடிக் கற்பூரம் அணைந்துபோனது.

அதுவரை எல்லாம் கேலிக்கூத்துதான். கற்பூரம் அணைந்ததும் டீச்சரம்மாவின் முகம் மாறியது.

லெட்சுமி சரியான பலகையைத் திறந்தாள். ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டீச்சரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சாமி கும்பிடறதுக்கு முன்னாலயே அணைஞ்சு போச்சு. மனசு ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு நாள் பேசிக்கலாங்க."

இன்னொரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அறை வாசலில் தர்ஷினி நின்றாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். கழுத்தில் பிளாஸ்டிக் மாலையோடு நான் பேச ஆரம்பித்தேன்.

"டீச்சர், நாங்க இப்ப குடி வரல. பத்தொம்போது வருஷமா இங்கதான் இருக்கோம். நான் பொய் சொல்லிட்டேன். இதோ கீழ கெடக்கே, இதுதான் எங்க வீடு. நான் ஆறாவதுதான் படிச்சேன். படிச்சவங்க வர்றாங்க, எனக்குப் பேச வராது, வீடாச்சும் பேசட்டும்னு இப்படிப் பண்ணிட்டேன். எம்பொண்ணு நம்ம வீடு மாதிரி இல்லன்னுதான் சொன்னா. நான் கேக்கல. கற்பூரத்தை அணைச்சது நான். பழியை அவ மேல வச்சுட்டுப் போயிராதீங்க."

என் காதே என் குரலை அடையாளம் கண்டிருக்காது. லெட்சுமி வாயைப் பிளந்து நின்றாள்.

பதில் பேசியது பெரியப்பா. இன்னமும் டாய்லெட் படியிலேயே நின்றார்.

"அவரை விடும்மா. பத்து நிமிஷமா நான் உள்ள சுவத்தைத் தடவிக்கிட்டு நிக்கிறேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பொண்ணு கேட்டு வந்த வீட்ல டாய்லெட்டுல இருந்து எப்படிக் கத்துறதுன்னு வெக்கமா போச்சு. நானும் இவரு ஜாதிதான், கூச்ச ஜாதி." பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "முப்பது வருஷம் ஆபீஸ்ல பெரிய நாற்காலியில உக்காந்திருந்தேன். ஒருத்தனாவது எனக்குக் கற்பூரம் காட்டியிருப்பானா? இந்த வீட்ல மரியாதை தெரிஞ்சிருக்கு. பொண்ணை எடுத்துக்கலாம்."

கவின்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். டீச்சரம்மா கொஞ்ச நேரம் உதட்டை இறுக்கிப் பார்த்தார். வகுப்பில் சிரிக்கக் கூடாத ஆசிரியை மாதிரி. முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கீழே கிடந்த ஒரு பொம்மையை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். "இதையெல்லாம் எடுத்து வைங்க சம்பந்தி. லெட்சுமி, இன்னொரு கற்பூரம் கொண்டாம்மா."

கல்யாணம் முடிந்து மூன்று வருடமாகிவிட்டது. சாமி மேடையை லெட்சுமி கல்யாணத்துக்கு முன்பே பழைய இடத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டாள், வண்ண விளக்குகள் உட்பட. டாய்லெட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பெரிய பித்தளைக் கைப்பிடிகள். மணியமே வந்து மாட்டினார், வாயே திறக்காமல். (அவர் சிரிப்பை அடக்கியது தோள் குலுங்கியதில் தெரிந்தது.) நல்ல தாழ்ப்பாளும் இருக்கிறது, யாரும் தவறித் திறக்க வழியே இல்லை.

இருந்தும் என்ன? பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கூடத்தில் எத்தனை பேர் இருந்தாலும், உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டதும் உரக்கக் குரல் கொடுப்பார்.

"சம்பந்தி! நான் உள்ள இருக்கேன்! கற்பூரம் வேணாம்!"

கூடமே என் பக்கம் திரும்பும். நானும் எழுந்து நின்று, "சரிங்கண்ணே" என்று சத்தமாகச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் அவர் விடுவதில்லை, சொல்லும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.