ஆளுக்குப் பத்துப் பேர்

தாவரவியல் பேராசிரியர் டீனாக உயர்த்தப்பட்டதைக் கல்லூரி நிர்வாகம் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்தது. அறைக்கதவில் பித்தளைப் பலகை ஏறியது. நாற்காலிக்கு முதுகு உயர்ந்தது. மாலையில் அவர் மனைவி, டீன் என்றால் என்ன வேலை என்று கேட்டாள். அவர் வெகுநேரம் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதே வேலைதான், கதவு மட்டும் புதுசு" என்று சொல்லி அவள் எழுந்து போனாள்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் அண்ணன் ஒரு பாதிரியார். சுற்றுவட்டாரத் தேவாலயங்களை மேற்பார்வை பார்ப்பவர் என்பதால் அவரையும் டீன் என்றுதான் அழைத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் பேராசிரியர் விளக்கம் கேட்டார். லத்தீனில் பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றார் பாதிரியார். முதலில் ரோமப் படையில் பத்து வீரர்களுக்கு ஒரு தலைவன். பிறகு மடத்தில் பத்துத் துறவிகளுக்கு ஒருவர். மணியடித்தால் எழுகிறார்களா, சாப்பிடும்போது பேசாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பார். அப்படியே பெரிய தேவாலயங்களுக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பட்டம் குடிபெயர்ந்தது.

"ஆக மாப்பிள்ளை, டீன்னா பத்துப் பேரை மேய்க்கிறவன். அவ்வளவுதான்."

பேராசிரியர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். அவரை விட்டுவிட்டால் கல்லூரியில் சரியாகப் பத்து ஆசிரியர்கள். உடம்பு சிலிர்த்தது. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், ரோமப் பேரரசு தொட்டு வரும் உரிமையின்படி தாம் டீனாக இருப்பதை எடுத்துரைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

விலங்கியல் அம்மையார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்துப் பேர் இருந்தா டீனா, சார்?"

"வரலாறு அப்படித்தான் சொல்லுது."

"என்னை விட்டுட்டு எண்ணினா, உங்களோட சேர்த்து எனக்கும் பத்துப் பேர் இருக்காங்களே."

ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணினார். எல்லோருக்கும் பத்து வந்தது.

விவகாரம் பதிவாளரிடம் போனது. கூட்டினால் சரியாக வரும் எதையும் மறுத்துப் பழகாதவர் அவர். ஒருவர் இன்னொருவருக்கு மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் இருக்க முடியுமா என்று பேராசிரியர் வாதாடினார். மேல், கீழ் என்பவை நிர்வாக வசதிக்கான சொற்களே தவிர திசைகள் அல்ல என்று பதிவாளர் தீர்ப்பளித்தார். கல்லூரிக்குப் பதினோரு டீன்கள் கிடைத்தார்கள்.

தாழ்வாரத்தில் யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று தெரியாததால், எல்லோரும் கைபேசியைப் பார்த்தபடியே நடக்கப் பழகினார்கள். விடுப்பு வேண்டுமென்றால் மேலதிகாரிகள் பத்துப் பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே யாரும் விடுப்பே எடுக்கவில்லை. கல்லூரியில் ஒழுங்கு மேம்பட்டிருப்பதாக ஆண்டறிக்கை பாராட்டியது.

ஒரே ஒரு சிக்கல். டீனின் கடமைகளில் வகுப்பெடுப்பது இல்லை. மணி அடித்தது, மாணவர்கள் உட்கார்ந்தார்கள், யாரும் போகவில்லை.

பேராசிரியருக்கு இருப்புக்கொள்ளவில்லை. செம்பருத்தியை நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கும் சூலகத்தை மாணவர்களுக்குக் காட்டுவதில் அவருக்கு ஒரு தனி ஆனந்தம். ஒரு நாள் பூவைப் பறித்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். பதிவாளர் மாடிப்படியில் மறித்தார். அவர் ஒருவர் பாடம் நடத்தினால் மற்றப் பத்துப் பேரும் நடத்த வேண்டி வரும், அது அவர்கள் கௌரவத்துக்கு இழுக்கு என்றார். பேராசிரியர் திரும்பினார். வீட்டுக்குப் போய்ச் சட்டைப்பையில் கைவிட்டபோது பூ கூழாகியிருந்தது.

மைத்துனரிடம் போய் அழாத குறையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

"பத்துப் பேரை மேய்க்கிறவன்னுதானே சொன்னேன்," என்றார் பாதிரியார். "மந்தை மொத்தமும் மேய்ப்பனாகணும்னா சொன்னேன்?"

கடைசியில் ஓர் இளம்பெண்ணைத் தற்காலிக ஆசிரியையாக நியமித்தார்கள். தாவரவியலிலிருந்து கணக்கு வரை எல்லாவற்றையும் அவளே நடத்தினாள். தொண்டை கட்டினால் வெந்நீர் குடித்துவிட்டு நடத்தினாள். பேராசிரியர் அவள் வகுப்பு ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, யாராவது வந்தால் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது போல் நகர்ந்துவிடுவார்.

பதினோரு டீன்கள் உள்ள கல்லூரி என்ற புகழ் ஊரெல்லாம் பரவியது. சேர்க்கை அன்று வரிசை தெருமுனை தாண்டியது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முண்டியடித்து உள்ளே வந்த ஒரு தகப்பனார், எதிரே வந்த ஆசிரியையிடம் அவள் எந்த டீன் என்று விசாரித்தார்.

"நான் டீன் இல்லைங்க. உங்க பையனுக்குப் பாடம் நடத்தப் போறவ."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மனசு இளகிவிட்டது.

"கவலைப்படாதம்மா," என்றார். "நல்லா உழைச்சா, நீயும் ஒரு நாள் பாடம் நடத்தாம இருக்கலாம்."